அபராதம் 167 ரூபாய், தாமதம் 163 ரூபாய்

கோயம்புத்தூரில் 700க்கும் மேற்பட்ட வெட் கிரைண்டர் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து மாதம் 75,000 கிரைண்டர் செய்கிறார்கள் என்கிறது 2015 மார்ச் மாதக் கணக்கு. வகுத்தால் ஒரு பட்டறைக்கு மாதம் 107, வருடத்துக்கு 1,284. இது வெறும் சராசரி. பெயர் பெற்ற பெரிய நிறுவனமும், கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ நாலைந்து ஆட்களை வைத்து நடத்தும் சின்னப் பட்டறையும் இந்த ஒரே கூட்டலுக்குள் வந்துவிடுகின்றன. ஆனாலும் அளந்து பார்க்க ஒரு படி வேண்டும். நம் பெயர் ஒட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் சரக்கு வந்து இறங்கினால் யாருக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் இழுக்கும் என்பதை இந்த 1,284 என்ற படியால் அளக்கிறேன்.

பெயரின் விலையை முதலில் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டின் டிரேட்மார்க் விதிகள்படி தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. கிரைண்டரும் மிக்ஸியும் 7ஆம் வகுப்பில் வரும், பனியனும் சட்டையும் 25ஆம் வகுப்பில் வரும். டிரேட்மார்க் இதழில் வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால், அல்லது ஆட்சேபித்தும் நிற்காவிட்டால், பெயர் பதிவாகிவிடும். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும். நம் சராசரிப் பட்டறை 10 வருடத்தில் 12,840 கிரைண்டர் செய்கிறது. 4,500ஐ அதில் பங்கிட்டால் ஒரு கிரைண்டருக்கு 35 காசு. அடுத்த பத்தாண்டுக்குப் புதுப்பிக்க ஆன்லைனில் 9,000 ரூபாய், அதாவது கிரைண்டருக்கு 70 காசு. வக்கீல் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தாலும், கிரைண்டரைச் சுற்றும் அட்டைப் பெட்டியின் விலையைப் பெயரின் விலை தொடாது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு மலிவான பாதுகாப்பைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். டிரேட்மார்க் பதிவு என்பது நீதிமன்றத்துக்குக் கொண்டு போகும் சான்று. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரிக்கு அந்தப் பதிவு இருப்பது தானாகத் தெரியவராது. அவருடைய கணினியில் பெயர் ஏற வேண்டுமானால் இன்னொரு விண்ணப்பம் வேண்டும். 2007 மே 8 அன்று அறிவிக்கப்பட்ட அறிவுசார் சொத்துரிமை (இறக்குமதிப் பொருட்கள்) அமலாக்க விதிகள் அதற்கு வழி செய்கின்றன. கட்டணம் 2,000 ரூபாய். ஆணையர் எத்தனை காலத்துக்கு என்று குறித்துக் கொடுப்பார், குறைந்தது ஒரு வருடம். வருடா வருடம் கட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். 2,000ஐ 1,284ஆல் வகுத்தால் 1 ரூபாய் 56 காசு. டிரேட்மார்க்குக்கான 35 காசையும் சேர்த்தால் 1 ரூபாய் 91 காசு. ஒரு கிரைண்டரின் பெயரைக் கடலோரத்திலேயே காவல் காக்க அரசு கேட்கும் கட்டணம் இவ்வளவுதான்.

கட்டணத்தோடு பாண்டும் வைப்புத்தொகையும் வேண்டும். பாரமே அங்கேதான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ஒரு கன்டெய்னரை மனக்கணக்காகத் திறப்போம். கீழே வரும் சரக்கு மதிப்பு, வரி விகிதம், நாள்வாடகை, வட்டி எல்லாம் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. சட்டம் சொல்லும் சதவீதங்களும் நாட்களும் அபராதங்களும் உள்ளபடியானவை.

40 அடி கன்டெய்னர் ஒன்று. உள்ளே டேபிள் டாப் கிரைண்டர் 1,200. துறைமுகம் வந்து சேர்ந்த விலை ஒன்று 2,500 ரூபாய்.

சரக்கு மதிப்பு: 30,00,000
அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம்: 6,00,000
அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம்: 60,000
ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் (36,60,000இன் மேல்): 6,58,800
கதவைத் தாண்டும்போது: 43,18,800

ஒன்றுக்கு 3,599 ரூபாய் ஆகிறது. இதில் ஐ.ஜி.எஸ்.டி.யைப் பின்னால் வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இறக்குமதியாளருக்கு உண்மையில் நிற்பது 3,050. சமையலறைக் கிரைண்டர்கள் அடங்கிய 8509ஆம் தலைப்புக்கு அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. உள்ளூர்ப் பட்டறைக்கு அது அரண்தான். ஆனால் வரி விலையை மட்டும்தான் உயர்த்தும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் யாருடையது என்று வரி கேட்பதில்லை.

அந்த 1,200 பெட்டிகளிலும் கோவைப் பட்டறை ஒன்றின் பெயரை, அதன் அனுமதி இல்லாமல், அச்சடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே சரக்கு இரண்டு இடங்களில் பிடிபடலாம். இரண்டு இடத்துக்கும் கணக்கு அடியோடு வேறு.

துறைமுகத்தில் பிடிபட்டால் அது தடை செய்யப்பட்ட சரக்கு. போலி டிரேட்மார்க் தாங்கிய பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கச் சுங்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 111ஆம் பிரிவின்படி சரக்கு பறிமுதலாகும். 112ஆம் பிரிவின்படி சரக்கின் மதிப்பு வரைக்கும் தண்டம் போடலாம். பறிபோகும் சரக்கு 30 லட்சம், தண்டம் 30 லட்சம் வரை, ஆக 60 லட்சம். ஒரு கிரைண்டருக்கு 5,000 ரூபாய் இழப்பு. பெயரைத் திருடிப் பிழைப்பவனுக்கு இது உறைக்கும் தொகை.

கடைக்கு வந்த பிறகு பிடிபட்டால் நிலைமை வேறு. டிரேட்மார்க் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளின்படி சிறைத்தண்டனை 6 மாதம் முதல் 3 வருடம் வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நீதிமன்றம் அந்தக் கீழ்வரம்பையும் குறைக்கலாம். உச்ச அபராதமான 2 லட்சத்தை 1,200ஆல் வகுத்தால் கிரைண்டருக்கு 167 ரூபாய். சரக்கு மதிப்பில் 6.7 சதவீதம். கீழ்வரம்பான 50,000 என்றால் 42 ரூபாய், 1.7 சதவீதம். மறுபடி அகப்பட்டாலும் 105ஆம் பிரிவில் அபராதம் 1 லட்சத்தில் தொடங்குகிறதே தவிர உச்சம் அதே 2 லட்சம்தான். இந்தத் தொகைகள் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியவை. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. அன்று 2 லட்சத்துக்கு இருந்த மதிப்பு இன்றைக்கு இல்லை. இதைத் திருத்தாமல் விட்டிருப்பது பெரிய குறை என்பது என் எண்ணம்.

சிறை என்ற அச்சம் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் வாரண்ட் இல்லாமல் சோதனை போட வேண்டுமென்றால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. அதற்குள் 1,200 பெட்டி காந்திபுரம், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி என்று பிரிந்து போயிருக்கும். ஒரு கடையில் 40 அகப்படும். மற்ற 1,160 ஏற்கெனவே யார் யார் வீட்டிலோ மாவு அரைத்துக்கொண்டிருக்கும், அடுத்த வருடம் மோட்டார் புகைந்தால் அந்த வீட்டார் திட்டப்போவது கோவைப் பட்டறையின் பெயரை.

5,000க்கும் 167க்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே சண்டையை எங்கே போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். துறைமுகத்தில் போட வேண்டும். அங்கே போடுவதற்குத்தான் அந்த 1 ரூபாய் 56 காசு.

நாள் கணக்குக்கு வருவோம். 2007 விதிகளின்படி சரக்கை நிறுத்தி வைத்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் பெயருக்கு உரியவர் நடவடிக்கையில் சேர வேண்டும். காரணம் காட்டினால் இன்னொரு 10 வேலை நாள் கிடைக்கும். கெட்டுப்போகும் சரக்கு என்றால் 3 நாள், மேலே 4 நாள். சனி ஞாயிறு சேர்த்தால் 10 வேலை நாள் என்பது காலண்டரில் 14 நாள், 20 என்பது 28 நாள். பொங்கலோ தீபாவளியோ நடுவில் வந்தால் இன்னும் நீளும்.

கன்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுக இடத்துக்கு டெமரேஜ், கப்பல் கம்பெனிக்குப் பெட்டி வாடகையாக டிடென்ஷன். இரண்டும் சேர்த்து நாளுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். முடங்கிய 30 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி நாளுக்கு 986 ரூபாய். ஆக நாளொன்றுக்கு 6,986. 14 நாளுக்கு 97,808 ரூபாய், கிரைண்டருக்கு 82. 28 நாளுக்கு 1,95,616 ரூபாய், கிரைண்டருக்கு 163.

பெயரைத் திருடினான் என்று முழுதாக நிரூபணமானவனுக்கு டிரேட்மார்க் சட்டம் போடும் உச்ச அபராதம் கிரைண்டருக்கு 167 ரூபாய். ஒன்றுமே நிரூபணமாகாமல், விசாரணைக்காக 28 நாள் பெட்டி நின்றதற்கு மட்டும் 163 ரூபாய். என் அனுமானங்களைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். 180 நாள் நின்றால் தொகை 12,57,534. கிரைண்டருக்கு 1,048 ரூபாய், வாங்கிய விலையில் 42 சதவீதம். குற்றவாளி, நிரபராதி என்று பார்க்காமல் காலம் எல்லோரிடமும் ஒரே வாடகையைத்தான் வசூலிக்கிறது.

சரக்கு போலி என்று முடிவானால் இந்த வாடகையை யார் கட்டுவது? விதி சொல்லும் பதில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பெயருக்கு உரியவர்தான் கட்ட வேண்டும். அழிக்கும் செலவு, அழிக்கும் வரைக்குமான டெமரேஜ், டிடென்ஷன் எல்லாம் அவர் தலையில். போலியை அப்படியே திருப்பி அனுப்பவும் விதி இடம் கொடுப்பதில்லை. அழிக்க வேண்டும், அல்லது வழக்கமான வியாபாரத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும். வாடகையை மட்டும் எடுத்தால் 28 நாளுக்கு 1,68,000 ரூபாய். நம் சராசரிப் பட்டறை அதைத் தன் ஒரு வருட உற்பத்தியில் பரப்பினால் கிரைண்டருக்கு 131 ரூபாய் ஏறும். திருட்டுக் கொடுத்தவரே திருட்டுப் பொருளைக் கொளுத்தவும் காசு கட்டுகிறார். இந்தச் செலவை முதலில் இறக்குமதியாளரிடம் கேட்டு, அவர் காணாமல் போனால் மட்டும் உரியவரிடம் வர வேண்டும் என்று விதியை மாற்றுவது நியாயமாக இருக்கும்.

சரக்கு போலியாக இல்லாமலும் போகலாம். அப்போது இழப்பு இறக்குமதியாளருக்கு. அவருக்குக் காப்பாக இருப்பது உரியவர் கொடுத்திருக்கும் பாண்டு. 2007 அக்டோபரில் வந்த 41/2007 சுற்றறிக்கையின்படி பாண்டுத் தொகை சரக்கு மதிப்பில் 110 சதவீதம், அதில் 25 சதவீதத்தைப் பேங்க் கேரண்டியாகவோ ஃபிக்சட் டெபாசிட்டாகவோ வைக்க வேண்டும். நம் கன்டெய்னருக்குப் பாண்டு 33 லட்சம், வைப்பு 8,25,000. சரக்கு மதிப்பில் 27.5 சதவீதம்.

‘போலி இல்லாத சரக்கு எதற்காக மாட்டுகிறது?’ என்ற கேள்விக்கு 2012ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் விடை இருக்கிறது. கபில் வாத்வா எதிர் சாம்சங். வெளிநாட்டுச் சந்தையில் சாம்சங்கே விற்ற அசல் பிரிண்டர்களை வாங்கி, இங்கே கொண்டுவந்து, குறைந்த விலைக்கு விற்றார்கள் என்பது புகார். பிரிண்டர் அசல், பெயரும் அசல். வந்த வழிதான் கம்பெனி போட்ட வழி இல்லை. 2012 பிப்ரவரி 17 அன்று தனி நீதிபதி சாம்சங் பக்கம் தீர்ப்பளித்தார். அக்டோபர் 3 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உலகில் எங்காவது உரியவரின் சம்மதத்தோடு விற்கப்பட்ட பொருளை நேர்மையாக வாங்கியவர் அதை இங்கே விற்கலாம், டிரேட்மார்க் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது என்றது அமர்வு. கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. இது இறக்குமதி செய்யப்பட்டது, இதற்குச் சாம்சங் வாரண்டி கிடையாது, சர்வீஸ் நாங்களே தருகிறோம் என்று கடையில் கண்ணில் படும்படி பலகை வைக்க வேண்டும்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில், மே 8 அன்று, சுங்கத்துறை 13/2012 என்ற சுற்றறிக்கையில் இப்படிப்பட்ட இணை இறக்குமதிக்குத் தெளிவு கொடுத்தது. பிப்ரவரி 17க்கும் அக்டோபர் 3க்கும் இடையே 229 நாள். நம் கன்டெய்னர் அத்தனை நாள் நின்றிருந்தால் ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய், கிரைண்டருக்கு 1,333. வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். வழக்கில் வென்றவரும் அந்தச் சரக்கை லாபத்துக்கு விற்க முடியாது. பெரிய கம்பெனிக்கு இது புரியாத கணக்கில்லை. அசல் சரக்கை மலிவாகக் கொண்டுவருபவரைத் தீர்ப்பால் தோற்கடிக்க முடியாவிட்டாலும் நாளால் தோற்கடிக்கலாம். வாங்குபவருக்குக் குறைந்த விலையில் அசல் பொருள் கிடைக்கும் வழி அது, அதை அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் பழைய ஹார்டு டிஸ்க்குகளைப் புதுப்பித்து விற்பது பற்றிய சீகேட் வழக்கிலும் ஏறக்குறைய இதே வழியில் போனது. விற்கலாம், ஆனால் இது பழையது, புதுப்பித்தது, கம்பெனி வாரண்டி இல்லாதது என்று பெட்டியில் சொல்லிவிட வேண்டும். கோவை கிராஸ்கட் ரோட்டில் பிரிண்டரோ ஹார்டு டிஸ்க்கோ வாங்குபவர் தேட வேண்டியதும் அந்த அறிவிப்பைத்தான்.

தவறான நிறுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இரட்டை சிம் கைப்பேசிக்கு மதுரைக்காரர் ஒருவர் 2008இல் காப்புரிமை பெற்றார். அதைச் சுங்கத்துறையில் பதிந்ததும் இரட்டை சிம் கைப்பேசி இறக்குமதிகள் சென்னை முதலிய இடங்களில் தடுக்கப்பட்டன. 2012இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்தது. காப்புரிமை மீறலைப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது, அதற்குப் பொறியியல் வாதம் வேண்டும். 2018 ஜூன் 22 அன்று விதிகளிலிருந்து காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். டிரேட்மார்க், பதிப்புரிமை, டிசைன், புவிசார் குறியீடு நான்கும் இன்னும் இருக்கின்றன. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவற்றைத் துறைமுகத்திலும், வாதாடித் தீர்க்க வேண்டியவற்றை நீதிமன்றத்திலும் வைப்பது சரியான பிரிவினை.

திருப்பூருக்கு இந்தக் கணக்கு வேறு திசையிலிருந்து வருகிறது. 2024-25இல் அந்த ஊர் ஏற்றுமதி செய்த பின்னலாடை சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அடுத்தவர் பெயரில் தைத்தது. டிரேட்மார்க் சட்டத்தின் 29(6) பிரிவு, உரிமையில்லாத பெயரோடு இறக்குமதி செய்வதையும் ஏற்றுமதி செய்வதையும் ஒன்றாகவே மீறல் என்கிறது. ஆர்டர் ரத்தாகித் தேங்கிய பனியனில் கம்பெனி லேபிள் இருக்கும்போது, அது அசல் இயந்திரத்தில் அசல் நூலில் பின்னித் தைத்ததாகவே இருந்தாலும், உரியவர் சம்மதமில்லாமல் சந்தைக்கு வந்தால் சாம்சங் வழக்கின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. முதல் விற்பனையே நடக்கவில்லை என்பதுதான் காரணம். காதர்பேட்டையில் மிச்சச் சரக்கு வாங்கி விற்பவர்களுக்கு பெயருக்கு உரியவரிடமிருந்து எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம் அந்தச் சரக்கின் விலையளவுக்கு முக்கியம். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகமும் 2025இல் வெளியிட்ட அறிக்கை, 2021இல் உலகப் போலி வர்த்தகத்தை 46,700 கோடி டாலர் என்கிறது, உலக இறக்குமதியில் 2.3 சதவீதம். பிடிபட்ட போலிகளில் 62 சதவீதம் துணி, செருப்பு, தோல் பொருட்கள்.

துணியின் மேல் இருக்கும் ஒரு சின்னக் குதிரைப் படம் எவ்வளவு பெறும் என்பதற்கு விடை ஒரே வழக்கில் இரண்டு விதமாக வந்தது. பெவர்லி ஹில்ஸ் போலோ கிளப் சின்னம் பற்றி லைஃப்ஸ்டைல் ஈக்விட்டீஸ் தொடுத்த வழக்கில், சட்டைகளை விற்ற கிளவுட்டெயில் கட்ட வேண்டியதாக முடிவானது 4,78,484 ரூபாய். அந்தச் சட்டைகளில் கிடைத்த வருவாயில் லாபப் பங்கு என்று கணக்கிட்ட தொகை அது. அதே வழக்கில் அமேசான் டெக்னாலஜீஸ் நஷ்டஈடும் செலவுமாக 339.25 கோடி ரூபாய் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 பிப்ரவரி 25 அன்று தீர்ப்பளித்தார். ஜூலை 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. இரண்டு தொகைக்கும் நடுவே ஏறக்குறைய 7,090 மடங்கு. நஷ்டஈட்டை எப்படிக் கூட்டுவது என்பதில் இந்திய நீதிமன்றங்களுக்கு இன்னும் ஒரே அளவுகோல் அமையவில்லை என்பது இந்த இடைவெளியிலேயே தெரிகிறது. சிறு பட்டறை நஷ்டஈட்டை நம்பி வழக்குப் போடக் கூடாது, தடையுத்தரவுக்காகப் போட வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

வழக்குப் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. டிரேட்மார்க் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி பெயருக்கு உரியவர் தான் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்ற அளவிலேயே தொடுக்கலாம். எதிராளி டெல்லியில் இருந்தாலும் கோவைக்கு வர வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள வழக்கு வணிக நீதிமன்ற நடைமுறைக்குள் வருகிறது. எதிர்வாதத்துக்கு 30 நாள், எவ்வளவு நீட்டினாலும் 120 நாள். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த 120ஐத் தாண்டவே முடியாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2017இல் நீதிமன்றக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். 10 லட்சம் நஷ்டஈடு கேட்டால் கட்டணம் 30,000, முன்பு 75,000.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குத் தனிப் பெயர்களையெல்லாம் தாண்டி ஒரு பொதுப் பெயரும் இருக்கிறது. 1955இல் பி. சபாபதி முதல் கிரைண்டரைச் செய்த ஊர், ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு. தனிப் பட்டறைக்காரர் அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய முன்பு 500 ரூபாய் கட்டணம். 2020இல் அதை 10 ரூபாய் ஆக்கினார்கள். வெளிநாட்டில் செய்த கிரைண்டர் ‘கோயம்புத்தூர்’ என்ற பெயரைத் தாங்கி வந்தால் புவிசார் குறியீட்டுச் சட்டமும் அதே 6 மாதம் முதல் 3 வருடம், 50,000 முதல் 2 லட்சம் என்ற தண்டனையையே வைத்திருக்கிறது. ஆகையால் இங்கேயும் கடையில் பிடிப்பதைவிடத் துறைமுகத்தில் பிடிப்பதே பலன் தரும்.

தனி ஆளால் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. பெயர் சுங்கத்தில் பதியாமல் இருக்கும்போது, தூத்துக்குடியிலோ கொச்சியிலோ அதிகாரி தாமாகவே சந்தேகப்பட்டுப் பெட்டியை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரியவருக்குத் தகவல் வரும். 5 நாளுக்குள் அவர் விண்ணப்பமும் பாண்டும் கொடுத்தாக வேண்டும். தவறினால் சரக்கு விடுவிக்கப்படும். மாதம் 107 கிரைண்டரை 4,000 ரூபாய் வீதம் விற்றால் மாத விற்றுமுதல் 4,28,000. வைப்புத் தொகை 8,25,000. ஏறக்குறைய இரண்டு மாத விற்றுமுதலை 5 நாளில் புரட்ட வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது நடக்கிற காரியமில்லை. சட்டத்தில் உரிமை இருந்தும், பணம் புரட்ட முடியாததால் போலிச் சரக்கு வெளியே போய்விடும். ஏற்கெனவே பதிந்திருந்தாலும், சரக்கு நின்ற 3 நாளுக்குள் அந்தச் சரக்குக்கென்று தனிப் பாண்டு எழுத வேண்டும் என்பதால் நெருக்கடி முழுதாக நீங்காது.

வழி விதிக்குள்ளேயே இருக்கிறது. பெயருக்கு உரியவர் என்ற சொல்லுக்குள், அவர் தம் உரிமையைக் காக்க அதிகாரம் கொடுத்த சங்கத்தையும் விதிகள் சேர்த்திருக்கின்றன. நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லும் ஒரே மையப் பாண்டுக் கணக்கு வைத்துக்கொள்ளவும் 41/2007 சுற்றறிக்கை வழி செய்கிறது. கிரைண்டர் உற்பத்தியாளர் சங்கம் புவிசார் குறியீட்டையும் உறுப்பினர்களின் டிரேட்மார்க்குகளையும் சுங்கத்தில் பதிந்து, பொதுவான வைப்பு ஒன்றைக் கட்டி வைக்கலாம். 8,25,000ஐ 700 பட்டறைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,179 ரூபாய். ஃபிக்சட் டெபாசிட்டாக வைத்தால் அதற்கு வட்டியும் வரும், வழக்கு முடிந்தால் முதலும் திரும்பும். ஒரே நேரத்தில் இரண்டு கன்டெய்னர் நின்றாலும் ஆளுக்கு 2,357. பதிவுச் சான்று, அசல் பொருளின் படங்கள், போலியை அடையாளம் காணும் குறிகள், அனுமதி பெற்ற இறக்குமதியாளர் யாராவது இருந்தால் அவர்கள் பட்டியல் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 30 வேலை நாளுக்குள் ஆணையர் பதில் சொல்லியாக வேண்டும்.